பெட்ரோல் கூடினாலும் இன்ஜின் ஓடாது!

ஒரு புதிர் சொல்கிறேன், விடை சொல்லுங்கள்.

திருவிழா விளக்குகளுக்காகச் சின்ன ஜெனரேட்டர்கள் இரண்டு வந்திருக்கின்றன. ஒன்றில் சொட்டுப் பெட்ரோல் இல்லை. கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் அது கிளம்பவில்லை. சரி, நியாயம்தான். இன்னொன்றில் டேங்க் நிறையப் பெட்ரோல். இழுக்க இழுக்கப் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்கிறது. அடியில் சொட்டுச் சொட்டாக வடியவும் செய்கிறது. ஆனால் அதுவும் கிளம்பவில்லை! இது எப்படி?

மெக்கானிக் அண்ணன் எட்டிப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: “ஓவர்ஃப்ளோ ஆகுது தம்பி, இழுக்கிறதை நிறுத்து.” இழுத்தால்தானே கிளம்பும்? ஏன் நிறுத்தச் சொல்கிறார்? வாங்க, இன்ஜினுக்குள் போய்ப் பார்ப்போம்.

கொஞ்சமானாலும் எரியாது, மிஞ்சினாலும் எரியாது

பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை. அதிலிருந்து கிளம்பும் ஆவி காற்றோடு கலந்துதான் எரிகிறது. அந்தக் கலவைக்கும் ஓர் அளவு உண்டு. நூறு பங்குக் கலவையில் பெட்ரோல் ஆவி சுமார் ஒன்றரைப் பங்குக்குக் கீழே இருந்தால் தீப்பொறி பட்டாலும் பற்றாது. சுமார் ஏழரைப் பங்கைத் தாண்டினாலும் பற்றாது. ஆவி மிஞ்சிப்போனால் எரியத் தேவையான ஆக்சிஜன் போதாமல் போய்விடுகிறது.

ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். காற்று எடை குறைந்தது அல்லவா? அதனால் கன அளவில் கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். ஒரு லிட்டர் பெட்ரோலை எரிக்கச் சுமார் 9,000 லிட்டர் காற்று தேவை! இன்ஜின் குடிப்பதில் பெரும்பகுதி காற்றுதான்.

இவ்வளவு காற்றில் இத்தனை துளிப் பெட்ரோல் என்று அளந்து கலந்து கொடுப்பது யார்? கார்புரேட்டர்.

இரண்டு உறிஞ்சுகுழல் போதும்

கார்புரேட்டர் எப்படி வேலை செய்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். இதற்குத் தண்ணீர் போதும், பெட்ரோல் வேண்டவே வேண்டாம்.

ஒரு டம்ளரில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர் எடுங்கள். அதில் ஓர் உறிஞ்சுகுழலைச் செங்குத்தாக நிறுத்துங்கள். குழலின் மேல்வாய் நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தை வெட்டிவிடுங்கள். இன்னொரு குழலைப் படுக்கைவாட்டில் பிடித்து, அதன் நுனியை முதல் குழலின் வாய்க்கு அருகே வைத்துப் பலமாக ஊதுங்கள். தண்ணீர் தானாக மேலேறிச் சாரலாகத் தெறிக்கும்!

வேகமாகப் பாயும் காற்று, நிற்கும் குழலின் வாயருகே அழுத்தத்தைக் குறைத்துவிடுகிறது. டம்ளர் நீரின் மேல் வழக்கமான காற்றழுத்தம் அப்படியே இருக்கிறது. அது நீரைக் குழலுக்குள் மேலே தள்ளுகிறது.

கார்புரேட்டரிலும் இதேதான் நடக்கிறது. நடுவில் இடுப்புப்போல் ஒடுங்கிய காற்றுப்பாதை. ஒடுங்கிய இடத்தில் காற்றின் வேகம் கூடும், அழுத்தம் குறையும். அங்கே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாய் வழியே பெட்ரோல் ஏறிச் சாரலாகக் காற்றில் கலக்கும். பாதை ஒடுங்கும் இடத்தில் அழுத்தம் குறைவதை விளக்கியவர் இத்தாலிய அறிவியலாளர் வெஞ்சூரி. அதனால் அந்த இடுப்புக்கே வெஞ்சூரி என்று பெயர்.

இப்படிப் பெட்ரோலைத் தெளிக்கும் கார்புரேட்டருக்கு ஹங்கேரிப் பொறியாளர்கள் டோனாட் பாங்கியும் யானோஷ் சோங்காவும் 1893இல் காப்புரிமை பெற்றார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்கள்மேல் நீரை ஊதித் தெளிப்பதைப் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அதே காலத்தில் ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும் இதே வழியில் ஒரு கார்புரேட்டரை உருவாக்கினார்.

மிதவையும் ஊசியும்

சோதனையில் டம்ளரின் நீர்மட்டத்தை ஏற்றியும் இறக்கியும் ஊதிப் பாருங்கள். மட்டம் குழலின் வாயை நெருங்க நெருங்க லேசாக ஊதினாலே தண்ணீர் ஏறிவிடும். இன்ஜினில் இப்படி மாறிக்கொண்டே இருந்தால் கலவையின் அளவு கெட்டுவிடும். அதனால் கார்புரேட்டரின் அடியில் இருக்கும் சிறு கிண்ணத்தில் பெட்ரோல் எப்போதும் ஒரே மட்டத்தில், குழாயின் வாய்க்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும்.

மாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் குழாயோடு ஒரு பந்து இணைந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தண்ணீர் ஏறினால் பந்து உயர்ந்து குழாயை மூடும். கார்புரேட்டர் கிண்ணத்திலும் அப்படி ஒரு மிதவை உண்டு. அது உயரும்போது கூரான ஓர் ஊசி பெட்ரோல் வரும் துளையை அடைக்கும்.

அந்த ஊசிமுனையில் ஒரு தூசி சிக்கினால்? துளை முழுதாக மூடாது. மிதவையில் ஓட்டை விழுந்து உள்ளே பெட்ரோல் புகுந்தால்? மிதவை மூழ்கிவிடும், துளை திறந்தபடியே கிடக்கும். பல மாதம் ஓட்டாமல் போட்ட இன்ஜினில் பெட்ரோலின் லேசான பகுதிகள் ஆவியாகிப் போய், மிச்சம் பிசினாக ஒட்டிக்கொண்டால்? மிதவை உயராமல் கீழேயே சிக்கிக்கொள்ளலாம். எது நடந்தாலும் பெட்ரோல் மட்டம் ஏறி, உறிஞ்சும் காற்றே இல்லாமல் இன்ஜினுக்குள் வழியும்.

சோக்கை மறந்தால்

பழுதே இல்லாத இன்ஜினிலும் பெட்ரோல் மிஞ்சலாம். குளிர்ந்த இன்ஜினில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது. அதனால் கிளப்பும்போது மட்டும் கூடுதல் பெட்ரோல் தேவை. அதற்காகத்தான் சோக். அது காற்று வரும் வழியை அடைக்கும் ஒரு தகடு. காற்று குறையும், உறிஞ்சும் விசை கூடும், பெட்ரோல் அதிகம் ஏறும். இன்ஜின் கிளம்பியதும் சோக்கைத் திறந்துவிட வேண்டும். ஏற்கெனவே சூடாக இருக்கும் இன்ஜினுக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. மறந்துபோய்ச் சோக்கை மூடியபடியே இழுத்தால் ஒவ்வோர் இழுப்புக்கும் பெட்ரோல் உள்ளே சேர்ந்துகொண்டே போகும். மெக்கானிக் அண்ணன் நிறுத்தச் சொன்னதன் காரணம் இப்போது புரிகிறதா?

உள்ளே சேர்ந்த பெட்ரோல் ஸ்பார்க் பிளக்கையும் நனைக்கும். பிளக்கின் நுனியில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி இருக்கிறது. 10,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் அதைத் தாண்டும்போதுதான் பொறி வரும். நுனியில் ஈரக் கரி படிந்தால் மின்சாரம் கரி வழியாகவே நழுவிப்போகும், பொறி வராது. போதாததற்கு, சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும். பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே காற்று கசியும், அழுத்தமும் குறையும்.

துப்பறிவது எப்படி?

கெட்டிக்கார மெக்கானிக் எடுத்தவுடன் எல்லாவற்றையும் கழற்ற மாட்டார். படிப்படியாகச் சோதித்து, என்ன நடக்கிறது என்று கவனிப்பார்.

முதலில் பெட்ரோல் குழாயை மூடுவார், சோக்கை முழுதாகத் திறப்பார். கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு இழுப்பார். புதுக் காற்று உள்ளே புகுந்து கலவை சரியான அளவுக்கு வந்தால் இன்ஜின் கிளம்பிவிடும். பிறகு குழாயைத் திறந்தாலும் ஒழுங்காக ஓடினால், குற்றவாளி பெரும்பாலும் மூடிக் கிடந்த சோக்தான்.

இன்ஜின் நிற்கும்போது குழாயைத் திறந்ததும் கார்புரேட்டரிலிருந்து மறுபடி வடிகிறதா? அப்படியானால் மிதவையையும் ஊசியையும் பார்க்க வேண்டும். இன்ஜின் ஆயில் அளவு ஏறி, பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் அங்கேயும் இறங்கிவிட்டது என்று பொருள். ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது.

ஓடும்போது கரும்புகை வருகிறதா? ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருக்கலாம். பெட்ரோல் சரியான அளவில் வந்தாலும், காற்று குறைந்தால் பெட்ரோல் மிஞ்சியதாகத்தான் ஆகும்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடக் கூடாது. பிளக் நனைந்திருக்கிறது என்றாலே பெட்ரோல் அதிகம் வந்தது என்று முடிவு கட்ட முடியாது. பிளக்கே கெட்டுப்போய்ப் பொறி வராமல் இருந்தாலும், எரியாத பெட்ரோல் அதை நனைத்துவிடும். எது காரணம், எது விளைவு? நல்ல பிளக் ஒன்றைப் போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

இதை மறக்காதீர்கள்

இவற்றையெல்லாம் நீங்கள் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம். கை வைக்கும் வேலை பெரியவர்களுடையது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்தில் இருக்கும் தீயில்கூடப் பற்றிக்கொள்ளும். ஜெனரேட்டரை மூடிய அறைக்குள் ஓட்டவே கூடாது. அதன் புகையில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாத நச்சு. அது உயிரையே பறித்துவிடும்.

இந்தியாவில் 2020இல் பி.எஸ். 6 மாசு விதிகள் வந்த பிறகு, பெரும்பாலான புதிய மோட்டார் சைக்கிள்களில் கார்புரேட்டரின் இடத்தை மின்னணு முறையில் பெட்ரோல் தெளிக்கும் கருவி பிடித்துவிட்டது. ஆனால் சின்ன ஜெனரேட்டர்களிலும் புல்வெட்டும் இயந்திரங்களிலும் கார்புரேட்டரை இன்னும் பார்க்கலாம்.

கடைசியாக ஒரு கேள்வி. மிதவை நேராக நின்றால்தான் ஊசி சரியாக மூடும். அதனால்தான் ஜெனரேட்டரைச் சாய்த்து வண்டியில் ஏற்றும்போது பெட்ரோல் குழாயை மூடச் சொல்கிறார்கள். ஆனால் மரம் அறுக்கும் மோட்டார் ரம்பத்தைச் சாய்த்தும் கவிழ்த்தும் பிடிக்கிறார்களே, அது மட்டும் எப்படி ஓடுகிறது? அதன் கார்புரேட்டரில் மிதவையே கிடையாது! மெல்லிய சவ்வு ஒன்று இன்ஜின் உறிஞ்சும்போது உள்வாங்கி, ஊசியைத் திறந்து மூடுகிறது. மிதவைக்கு மேல் எது, கீழ் எது என்ற கணக்கு வேண்டும். சவ்வுக்கு அந்தக் கணக்கு ஏன் வேண்டாம்? யோசித்து நண்பர்களோடு பேசிப் பாருங்கள்.