துட்டும் உலக நாணயமும்

‘துட்டு’ என்னுஞ் சொல் ஒல்லாந்தரின் ‘டொய்ட்’ என்னுஞ் செப்புக்காசின் பெயரினின்று பிறந்ததென்பர். 1658-இல் தூத்துக்குடியைப் போர்த்துக்கீசரிடமிருந்து கைப்பற்றிய ஒல்லாந்தர் அரசரல்லர், வணிகக் கம்பெனியாரே. 1726 முதல் அவர்தம் முத்திரை பொறித்த டொய்ட்டுகள் கீழ்த்திசைத் துறைகளுக்கெனவே அடிக்கப்பட்டன. 1799-இல் கம்பெனி கலைந்தது. எனினும் அக்காசை முடிந்து வைத்திருந்த முத்துக்குளிப்போனுக்குச் செம்பேனும் எஞ்சியிருக்கும்!

2019-இல் பேஸ்புக் கம்பெனியார் அறிவித்த ‘லிப்ரா’வோ உலோகமற்ற உலக நாணயம். அதற்கென மக்கள் செலுத்தும் பணம் வைப்புநிதியாகும். அதன் வட்டி, செலவுபோக, முதலிட்டோர்க்கே. அன்றியும், ஒரு நாட்டார் தம் பணத்தை விட்டு அதனையே நாடின், வட்டி விகிதத்தை ஏற்றியிறக்கி விலைவாசியைக் காக்கும் வலி அந்நாட்டு மைய வங்கிக்குக் குன்றும். அரசுகள் எதிர்த்தன, 2022-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. ஆயினும் டாலரைப் பிணையாகக் காட்டும் வேறு தனியார் நாணயங்கள் இன்றும் வழங்குகின்றன. அப்பிணையின் வட்டியும் பெரும்பாலும் வெளியிடுவோர்க்கே.