பழைய மினி லாரியின் பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் மாற்றலாமா? உப்புக் காற்று ஊரில் யோசிக்க வேண்டியவை

ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம் பக்கம் மீன் ஏற்றும் வண்டி வைத்திருப்பவர்களிடம் பிரேக் பற்றிப் பேச்செடுத்தால் புகார்கள் வரிசையாக வரும். "ரெண்டு தடவ பம்ப் பண்ணாத்தான் பிடிக்குது", "மிதிச்சா ஒரு பக்கமா இழுக்குது", "ஒரு மாசம் நிறுத்திட்டு எடுத்தா பின் சக்கரம் சுத்தவே மாட்டேங்குது". இதற்கெல்லாம் ஒரே தீர்வாகச் சிலர் சொல்வது: "பின்னாடி டிரம்மைக் கழட்டிட்டு டிஸ்க்கைப் போட்டுரலாம்."

கார்களில் டிஸ்க் பிரேக் வந்துவிட்டது, பைக்கிலும் வந்துவிட்டது, பழைய மினி லாரியில் மட்டும் ஏன் கூடாது என்ற கேள்வி நியாயமானதுதான். ஆனால் சக்கரத்தில் ஒரு பாகத்தை மாற்றுவதோடு இந்த வேலை முடிவதில்லை. பெடலில் தொடங்கி ஹேண்ட் பிரேக் வரை எல்லாவற்றையும் தொடுகிற வேலை இது. சட்டமும் குறுக்கே வருகிறது. கடற்கரை ஊர் என்பதால் உப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டிரம், டிஸ்க்: என்ன வித்தியாசம்?

டிரம் பிரேக்கில், சக்கரத்தோடு சுற்றும் இரும்பு டிரம்முக்குள் பிறை வடிவ ஷூக்கள் இரண்டு இருக்கும். பெடலை மிதித்தால் வீல் சிலிண்டர் அந்த ஷூக்களை வெளிப்பக்கம் தள்ளும். ஷூவில் ஒட்டியோ ரிவெட் அடித்தோ வைத்திருக்கும் லைனிங் டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும். டிஸ்க் பிரேக்கில் வட்டத் தகடு ஒன்று வெளியே திறந்தபடி சுற்றும். காலிப்பரில் உள்ள பேடுகள் அதை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும்.

டிஸ்க்கின் பெரிய பலம், சூட்டைத் தாங்குவது. தொடர்ந்து பிரேக் பிடித்தால் டிரம் சூடேறி விரியும். ஷூவை விட்டு விலகும். அப்போது பெடல் ஆழமாக இறங்கும், பிடிமானம் குறையும். டிஸ்க் திறந்த காற்றில் இருப்பதால் சீக்கிரம் ஆறிவிடும். கொடைக்கானல், மூணாறு மலைப்பாதையில் இறங்கும் வண்டிக்கு இது உயிர்காக்கும் வித்தியாசம். ராமநாதபுரம் மாவட்டமோ தட்டையான பூமி. பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்ற இறக்கத்தைத் தவிர இங்கே சொல்லும்படியான சரிவு இல்லை. கேரளத்துக்கு மலையேறி இறங்கும் வண்டி என்றால் கணக்கு வேறு. மதுரை வரை மட்டும் போய்வரும் வண்டிக்கு, டிஸ்க்கின் இந்தப் பலம் அவ்வளவாகப் பயன்படாது.

டிஸ்க் போட்டால் வண்டி சீக்கிரம் நிற்குமா?

பலரும் நினைப்பது போல, எப்போதும் அப்படி இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு விநாடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடுகிறது. அது எத்தனை மீட்டரில் நிற்கும் என்பதை முடிவில் தீர்மானிப்பது, டயர் சாலையைப் பிடிக்கும் பிடிதான். நல்ல நிலையில் இருக்கும் டிரம் பிரேக்கால் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்குப் பிடிக்க முடிகிறது என்றால், அதே டயரை வைத்துக்கொண்டு டிஸ்க்கால் பெரிதாக எதையும் கூட்டிவிட முடியாது.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது வண்டியின் எடை முன்பக்கம் சாயும். பின் சக்கரம் லேசாகும். மீன் இறக்கிவிட்டுக் காலிப் பெட்டிகளோடு திரும்பும் வண்டியில் பின்பக்கம் ஏற்கெனவே எடை குறைவு. அங்கே தேவைக்கு மேல் பிரேக் கொடுத்தால் முன் சக்கரத்துக்கு முன்னாலேயே பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். ஈரச் சாலையிலும் மணல் படிந்த சாலையிலும் வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் வீசியடிக்க இதுவே காரணம். அதனால்தான் சில வண்டிகளில், சுமைக்கு ஏற்றபடி பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்றைப் பின் ஆக்ஸிலோடு கம்பியால் இணைத்திருப்பார்கள். டிரம்முக்குக் கணக்குப் போட்டு வைத்த வால்வு, டிஸ்க்குக்கு அப்படியே பொருந்தாது.

முன்பக்கம் டிரம்மையே வைத்துக்கொண்டு பின்பக்கம் மட்டும் டிஸ்க் போடுவது இன்னும் தலைகீழான வேலை. 1986-ல் வந்த டாடா 407-இன் பழைய மாடல்களில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான். 'குட்டி யானை' என்று ஊரே அழைக்கும் டாடா ஏஸில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். அதிகம் உழைப்பது முன் பிரேக் என்பதால்தான் நிறுவனங்கள் டிஸ்க்கை முதலில் முன்பக்கம் வைக்கின்றன.

மாற்றுவதானால் என்னென்ன மாற வேண்டும்?

*பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும்:* டிரம்முக்குள் இருக்கும் முன் ஷூவை, சுற்றும் டிரம்மே இழுத்து இன்னும் இறுக்கும். அதாவது காலால் கொடுக்கும் அழுத்தத்தை டிரம் தானே பெருக்கிக்கொள்கிறது. டிஸ்க்குக்கு இந்த வசதி கிடையாது. எனவே அதிக அழுத்தம் வேண்டும். காலிப்பர் பிஸ்டன் அகலமானது. விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். அதை நகர்த்த அதிக பிரேக் ஆயில் தேவைப்படும். பழைய மாஸ்டர் சிலிண்டர் அவ்வளவு ஆயிலைத் தள்ளாவிட்டால் பெடல் தரைவரை போகும்.

*மிச்ச அழுத்த வால்வு:* பழைய டிரம் பிரேக் லைன்களில், காலை எடுத்த பிறகும் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு இருப்பது உண்டு. அதை எடுக்காமல் டிஸ்க் போட்டால் பேடுகள் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். மைலேஜ் குறையும், பேட் தேயும், டிஸ்க் சூடேறும்.

*ஹேண்ட் பிரேக்:* பெரும்பாலான சிறு வண்டிகளில் ஹேண்ட் பிரேக் கேபிள் பின் டிரம் ஷூவைத்தான் இழுக்கிறது. டிரம்மைக் கழற்றினால் ஹேண்ட் பிரேக்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் அமைப்பு உள்ள காலிப்பரோ, டிஸ்க்கின் நடுவில் சிறிய டிரம் உள்ள அமைப்போ வேண்டும். "கியர்ல போட்டு கல்ல வச்சுக்கலாம்" என்பது இறங்குதளச் சரிவில் சுமையோடு நிற்கும் வண்டிக்குப் பதில் ஆகாது.

*ஆக்ஸில் பிராக்கெட்:* காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டில்தான் முழு பிரேக் விசையும் விழுகிறது. பட்டறையில் தகட்டை வெட்டி ஆக்ஸிலில் வெல்டிங் வைப்பது பெரிய ஆபத்து. வெல்டிங் விட்டுப்போனால் அந்தச் சக்கரத்தில் பிரேக்கே இருக்காது. பின்னால் இரட்டை டயர் உள்ள வண்டியில் ரிம்முக்குள் காலிப்பருக்கு இடம் கிடைப்பதே சிரமம்.

காற்று பிரேக் உள்ள பெரிய லாரிகளுக்கு இது பட்டறை வேலையே அல்ல. ஐரோப்பாவில் 1996-ல் வந்த மெர்சிடிஸ் ஆக்ட்ரோஸ் எல்லாச் சக்கரத்திலும் டிஸ்க்கோடு வந்தது என்றால், ஆக்ஸிலில் தொடங்கி அப்படியே வடிவமைக்கப்பட்ட வண்டி அது. பழைய வண்டியில் டிஸ்க்கை ஒட்டவைத்த கதை அல்ல.

உப்புக் காற்று யாருக்குச் சாதகம்?

மண்டபம், பாம்பன் பகுதி இரும்பைத் தின்னும் இடம் என்பது புதிய செய்தி அல்ல. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகம் அரிமான ஆய்வுகளுக்காக மண்டபத்தில் தனி நிலையமே வைத்திருக்கிறது. 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில்கள் நிறுத்தப்பட்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

மீன் வண்டிக்குக் காற்றில் வரும் உப்பு போதாதென்று, உருகும் ஐஸோடு சேர்ந்து மீன் தண்ணீரும் பின் சக்கரத்தின் மேலேயே வடிகிறது. டிஸ்க் இங்கே திறந்து கிடக்கும். தகட்டின் மேல் படியும் துரு, பிரேக் பிடிக்கப் பிடிக்கத் துடைபட்டுவிடும். ஆனால் காலிப்பர் நகரும் பின்களில் உப்பு ஏறினால் அவை இறுகிவிடும். அப்போது ஒரு பக்கப் பேட் மட்டும் தேயும், வண்டி இழுக்கும். டிரம் மூடியிருப்பதால் தெறிக்கும் தண்ணீரை ஓரளவு தடுக்கும். ஆனால் உள்ளே புகுந்த உப்பு வெளியேறாது. வீல் சிலிண்டரையும் அட்ஜஸ்டரையும் பிடித்துவிடும்.

2020-ல் அறிமுகமான ஃபோக்ஸ்வாகன் ஐடி.4 மின்சாரக் காரில் பின் சக்கரங்களுக்கு டிரம் பிரேக்கே வைத்தார்கள். மின்சாரக் காரில் பின் பிரேக்குக்கு வேலை குறைவு; வேலை செய்யாத டிஸ்க் துருப்பிடிக்கும் என்பது அதற்கு ஒரு காரணம். டிரம் என்றாலே பழசு, டிஸ்க் என்றாலே முன்னேற்றம் என்று சொல்லிவிட முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் பிரிவு 52, நிறுவனம் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. அசல் வடிவமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம்.

சரக்கு வண்டி எட்டு வயதைத் தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். அங்கே பிரேக் சோதனை உண்டு. விபத்து நடந்தால், பட்டறையில் மாற்றிய பிரேக்கைக் காட்டி இழப்பீடு தர இன்ஷூரன்ஸ் நிறுவனம் தகராறு செய்யவும் இடமுண்டு. எனவே கையில் எடுக்கும் முன் வண்டி நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் எழுத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

பெரும்பாலான புகார்களுக்குக் காரணம் டிரம் அல்ல, பராமரிக்கப்படாத டிரம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையேறும் இந்த நாட்களே மீன் வண்டிக்கும் பிரேக் வேலைக்குச் சரியான நேரம்.

• வண்டியை நாள்கணக்கில் நிறுத்தும்போது சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விட்டுவிட வேண்டும். போட்டே வைத்தால் லைனிங் டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை சிறிது தூரம் ஓட்டுவது நல்லது.

• டிரம்மைக் கழற்றி, உள்விட்டத்தை அளக்க வேண்டும். டிரம்மில் பொறித்துள்ள அதிகபட்ச அளவைத் தாண்டியிருந்தால் லேத்தில் கடையாமல் புதிது போட வேண்டும். லைனிங்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றக் கூடாது.

• வீல் சிலிண்டரின் ரப்பர் மூடிக்குள் ஈரம் இருந்தால் கசிவு என்று பொருள். ஹப் ஆயில் சீல் கசிந்தாலும் லைனிங் நனைந்து பிடிக்காது.

• ஆக்ஸில் மேல் ஓடும் இரும்பு பிரேக் பைப்பைத் துடைத்துப் பார்க்க வேண்டும். துரு தின்ற பைப், பதறி ஓங்கி மிதிக்கும் அந்த ஒரு தடவைதான் வெடிக்கும்.

• பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயிலின் கொதிநிலைக்குக் குறைந்தபட்ச அளவு 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய ஆயிலுக்கு 140. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுவதும் மாற்ற வேண்டும்.

• பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. நனைத்துத் துடைக்க வேண்டும்.

• லோடு இறக்கியதும் பின் சக்கரங்களையும் அடிப்பகுதியையும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். பெட்டியின் வடிகாலுக்கு ஒரு குழாய் வைத்து, மீன் தண்ணீர் சக்கரத்தில் விழாமல் திருப்பிவிடலாம்.

இத்தனையும் செய்த பிறகும் பிரேக் போதவில்லை என்றால், முதலில் பார்க்க வேண்டியது டயரும் ஏற்றும் சுமையும். அதற்குப் பிறகும் டிஸ்க்தான் வேண்டும் என்பவர்களுக்கு, முன்பக்கம் டிஸ்க்கும் ஏபிஎஸ் வசதியும் நிறுவனமே பொருத்திய வண்டிக்கு மாறுவதே நல்ல வழி. டிஸ்க் மாற்றக் கையில் வைத்திருக்கும் பணத்தை அதற்கு முன்பணமாகக் கட்டலாம்.