மோட்டார் சைக்கிள் தடப் பயிற்சிப் பள்ளி

மோட்டார் சைக்கிள் தடப் பயிற்சிப் பள்ளி என்பது, ஏற்கெனவே மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களுக்கு, பொதுப் போக்குவரத்து இல்லாத பந்தயத் தடத்தில் வைத்து, வளைவில் திரும்புதல், பிரேக் பிடித்தல், வேகம் கூட்டுதல் ஆகிய திறன்களை முறைப்படி கற்றுத்தரும் பள்ளி ஆகும். ஓட்டுநர் உரிமத்திற்குப் பயிற்றுவிக்கும் பள்ளியில் இருந்து இது வேறுபட்டது. கட்டணம் பெற்றுக்கொண்டு தடத்தில் ஓட்ட இடமளிக்கும் "டிராக் டே" எனப்படும் நிகழ்ச்சியையும் பலர் பயிற்சிப் பள்ளி என்றே எண்ணிவிடுகின்றனர். அங்கு ஓட இடம் உண்டு. தவற்றைப் பார்த்துச் சொல்ல ஆள் இருப்பது அரிது.

தேவை

பெரும்பாலானோர் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை அண்ணனிடமோ நண்பரிடமோ, அல்லது தாமாகவோ கற்றுக்கொள்கின்றனர். அமெரிக்காவில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் தலைமையிலான குழு, லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் நடந்த ஏறத்தாழ 900 விபத்துகளை நிகழ்விடத்திலேயே ஆராய்ந்து 1981-இல் அறிக்கை வெளியிட்டது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் அவ்வாறு முறையான பயிற்சியின்றி ஓட்டப் பழகியவர்கள் என்று அவ்வறிக்கை கூறுகிறது. மோதலைத் தவிர்க்க அவர்களுக்குக் கிடைத்த நேரம் பொதுவாக இரண்டு நொடிகளுக்கும் குறைவு. அந்நேரத்தில் பலர் பின் பிரேக்கை மிதித்துச் சக்கரத்தை வழுக்கவிட்டனர். அதிகம் நிறுத்த வல்ல முன் பிரேக்கைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை. வண்டியை விரைவாகத் திருப்பி விலகும் திறன் அநேகமாக எவரிடமும் காணப்படவில்லை. விபத்துக்கு முந்திய வேகத்தின் இடைநிலை அளவு மணிக்கு 48 கி.மீ. மட்டுமே. ஆகவே இத்திறன்கள் பந்தய வீரர்களுக்கு மட்டும் உரியவை எனக் கருதுவது சரியன்று.

கற்பிக்கப்படுபவை

இத்துறையில் பெயர் பெற்றவர் அமெரிக்கரான கீத் கோட். இவர் 1980-இல் கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளியைத் தொடங்கினார். 1993-இல் வெளியான "எ ட்விஸ்ட் ஆஃப் த ரிஸ்ட் 2" என்னும் இவரது நூல், ஓட்டுநரின் பிழைகளுக்குக் காரணம் துணிவின்மை அல்ல, உயிர் காக்க உடல் தானாகச் செய்யும் எதிர்வினைகளே என்று விளக்குகிறது. வளைவின் நடுவே அச்சம் தோன்றியவுடன் கை ஆக்சிலரேட்டரை மூடுகிறது. ஹேண்டில்பாரை இறுகப் பற்றுகிறது. பார்வை குறுகி, எதன்மேல் மோதிவிடுவோமோ என அஞ்சுகிறோமோ அதன்மேலேயே நிலைக்கிறது. கண் போன இடத்திற்கே வண்டியும் போகிறது. ஆக்சிலரேட்டரை மூடுவதால் எடை முன்சக்கரத்திற்கு மாறி, முன்பக்கம் அமிழ்கிறது. ஏற்கெனவே சாய்ந்து ஓடிக்கொண்டிருக்கும் முன் டயருக்கு இது கூடுதல் சுமையாகிறது. இவ்வெதிர்வினைகளை அறிவுரையால் மாற்ற முடியாது. பாதுகாப்பான இடத்தில், குறைந்த வேகத்தில், ஒரே வளைவில் பன்முறை செய்து பார்த்தே மாற்ற வேண்டும். பந்தயத் தடத்தின் பயன் இதுவே. எதிரே பேருந்து வாராது, அதே வளைவு சில நிமிடங்களில் மீண்டும் வரும்.

இப்பள்ளியின் முதல் நிலையில் ஆக்சிலரேட்டரைச் சீராகத் திறத்தல், திரும்பும் இடத்தை முன்கூட்டியே முடிவு செய்தல், விரைவாகச் சாய்த்தல், கைகளைத் தளர்வாக வைத்தல், பார்வையை இரு படிகளில் நகர்த்துதல் ஆகிய ஐந்து பாடங்கள் உள்ளன. தொடக்கப் பயிற்சியில் ஒரே கியரில், பிரேக்கைப் பயன்படுத்தாமல் ஓட்டுமாறு கூறுவர். வேகமாக ஓட்ட வந்தவர்களுக்கு இது ஏமாற்றமாகத் தோன்றலாம். ஆயினும் கியரும் பிரேக்கும் இல்லாதபோதுதான் வளைவிற்கு உரிய வேகத்தைக் கண்ணால் அளக்கும் பழக்கம் உண்டாகிறது.

மோட்டார் சைக்கிளை வலப்புறம் சாய்க்க வலப்பக்கக் கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும். எதிர்த்திருப்பல் எனப்படும் இதனைப் பல ஆண்டுகள் ஓட்டியவர்களும் அறியாமலேயே செய்கின்றனர். அறியாமல் செய்வதால் அவசரத்தில் செய்ய முடிவதில்லை. உடலைச் சாய்த்தாலே வண்டி திரும்பும் என்று நம்புவோருக்காகக் கோட் ஒரு வண்டியை வடிவமைத்தார். அதில் சட்டத்தோடு அசையாதபடி பிணைக்கப்பட்ட இரண்டாவது கைப்பிடி உண்டு. அதனைப் பிடித்துக்கொண்டு உடலை எவ்வளவு வளைத்தாலும் வண்டியை விரும்பியபடி திருப்ப இயலாது என்பதை ஓட்டுபவர் தாமே உணர்வார்.

வேகத்திற்கும் சாய்வுக்கும் உள்ள தொடர்பும் அறியத்தக்கது. 50 மீட்டர் ஆரமுள்ள சமதள வளைவில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்ல ஏறத்தாழ 30 பாகை சாய்வு போதும். 80 கி.மீ. வேகத்திற்கு 45 பாகை வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது தேவையான பக்கவிசை ஏறத்தாழ 1.8 மடங்காகிறது. வளைவிற்குள் நுழையும் முன்பே வேகத்தைத் தீர்மானிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதில் அடங்கியுள்ளது.

எல்லாப் பள்ளிகளும் ஒரே முறையைப் பின்பற்றுவதில்லை. கோட்டின் முறையில் ஆக்சிலரேட்டர் கட்டுப்பாடே முதற்பாடம். நிக் ஐனாட்ச் போன்ற ஆசிரியர்கள், பிரேக்கைச் சிறிது சிறிதாகத் தளர்த்தியவாறே வளைவிற்குள் நுழையும் முறைக்கு முதலிடம் தருகின்றனர். இரண்டுக்கும் வலுவான காரணங்கள் உண்டு. தொடக்க நிலையில் உள்ளவர் ஒரு முறையை முழுமையாகப் பழகுவதற்கு முன் இரண்டையும் கலப்பது குழப்பத்தையே தரும்.

பள்ளியைத் தேர்ந்தெடுத்தல்

விளம்பரங்களில் முன்னிறுத்தப்படுபவை பெரும்பாலும் தடத்தின் பெயரும், வண்டியின் திறனும், பயிற்றுநர் வென்ற கோப்பைகளும் ஆகும். இவற்றுள் எதுவும் கற்பித்தலின் தரத்தைக் காட்டாது. சிறந்த வீரர் சிறந்த ஆசிரியராக இருப்பார் என்பது உறுதியில்லை. இயல்பாகவே வேகம் வாய்த்தவருக்குத் தாம் செய்வதைச் சொல்லில் விளக்கத் தெரியாமல் போகலாம்.

முதலில் கேட்க வேண்டியது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர் என்பதாகும். மூன்று அல்லது நான்கு பேர் என்றால் அவர் ஒவ்வொருவரையும் பின்தொடர்ந்து பார்க்க இயலும். பத்துப் பேர் என்றால் வரிசையாக அழைத்துச் செல்லத்தான் இயலும். அடுத்து, ஒவ்வொரு சுற்றோட்டத்திற்கும் முன் வகுப்பும் பின் உரையாடலும் உண்டா என அறிய வேண்டும். "இன்னும் வேகமாகப் போ" என்பது திருத்தம் ஆகாது. "இரண்டாம் வளைவில் திரும்பும் இடத்திற்கு முன்பே உள்ளே பார்க்கவில்லை" என்பதே திருத்தம். முந்திச் செல்லும் விதிகள், வேக அடிப்படையில் குழு பிரித்தல், மருத்துவ ஊர்தியும் மருத்துவரும் தடத்தில் இருத்தல் ஆகியவை குறித்துத் தெளிவான விடை கூறாத பள்ளியைத் தவிர்ப்பது நலம்.

வண்டியைப் பொருத்தவரை, சிறிய வண்டியே தொடக்கத்தில் நல்ல ஆசான். 1000 சிசி வண்டியில் நேர்பாதையின் வேகமே கவனத்தை விழுங்கிவிடும். 200 முதல் 400 சிசி வரையிலான வண்டியில் வளைவைப் பற்றிச் சிந்திக்க மனதில் இடம் இருக்கும்.

தமிழ்நாட்டில்

சென்னைக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறக்கப்பட்ட தடம், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பிற்கு உரியது. 3.7 கி.மீ. நீளமும் 12 வளைவுகளும் கொண்டது. கலிபோர்னியா சூப்பர்பைக் பள்ளி 2010 முதல் இங்கு வகுப்புகள் நடத்தியுள்ளது. கோயம்புத்தூரை அடுத்த செட்டிபாளையத்தில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இதைவிடச் சிறியது, நீளம் 2.1 கி.மீ.

ஆயத்தமும் காப்பீடும்

முழுமுகத் தலைக்கவசம், தோலாடை, கையுறை, கணுக்காலை மூடும் காலணி ஆகியன பொதுவாகக் கட்டாயம். பல பள்ளிகளில் இவை வாடகைக்குக் கிடைக்கும். அளவு பொருந்தாத ஆடை விழும்போது இடம் நகர்ந்துவிடும் என்பதால் முன்னதாக அணிந்து பார்ப்பது தேவை. சொந்த வண்டியைக் கொண்டுசெல்வோர் கண்ணாடிகளைக் கழற்றி, விளக்குகளின் மேல் ஒட்டுநாடா ஒட்ட வேண்டும். சில தடங்களில் ரேடியேட்டரில் கூலண்டுக்கு மாற்றாக வெறும் நீரையே நிரப்பச் சொல்வர். கூலண்டில் உள்ள கிளைகால் சிந்தினால் தடம் எளிதில் காயாமல் வழுக்கும்.

இந்தியாவில் வழக்கமான வாகனக் காப்பீடு, ஒழுங்கமைக்கப்பட்ட பந்தயத்திற்கும் வேகச் சோதனைக்கும் பொருந்தாது என்று அதன் விதிகளிலேயே குறிப்பிடப்பட்டிருக்கும். தடத்தில் வண்டிக்கு ஏற்படும் சேதத்தைப் பெரும்பாலும் உரிமையாளரே ஏற்க நேரிடும். வாடகை வண்டியாயின், விழுந்தால் செலுத்த வேண்டிய தொகைக்கு மேல்வரம்பு உண்டா என்பதைக் கையொப்பமிடும் முன் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மருத்துவக் காப்பீட்டிலும் இத்தகைய விலக்கு இருக்கக்கூடும் என்பதால் அதனையும் தனியே படித்துப் பார்த்தல் வேண்டும்.