உங்களுக்குத் தெரியுமா? பூச்சியை எதிர்க்கும் மரபணுக்கள்

● வேப்பங்கொட்டையிலுள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருளைத் தெளித்த இலையைப் புழு தின்னத் தயங்கும். தின்றாலும் ஒழுங்காகத் தோலுரிக்க முடியாமல் சாகும். இந்த அசாடிராக்டினை ஆய்வகத்தில் செயற்கையாகச் செய்து முடிக்க கேம்பிரிட்ஜ் வேதியியலாளர் ஸ்டீவன் லே குழுவுக்கு 22 ஆண்டுகள் பிடித்தன, முடித்தது 2007இல். நம் வாசல் வேம்பு அதை வெயிலிலும் மண்ணிலும் நின்றபடியே செய்கிறது! வேம்பின் மரபணுத் தொகுதியை பெங்களூரு ஆய்வாளர்கள் வாசித்து வெளியிட்டது 2012இல்.

● முழு மரபணுத் தொகுதியும் முதன்முதலாக வாசிக்கப்பட்ட மரம், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து பாப்லர். ஆண்டு 2006. மரபணுக்கள் சுமார் 45,000. நமக்கோ 20,000 சொச்சம்தான்.

● கனடாவின் வெள்ளை ஸ்புரூஸ் காடுகளில் மொட்டுப்புழு மேய்ந்த மரம் மொட்டையாக நிற்கும். பக்கத்திலேயே அதே இனத்து மரம் பச்சைப் பசேலென்று நிற்கும். தப்பிய மரங்களில் ஒரு மரபணு ஆயிரம் மடங்கு வரை கூடுதலாக வேலை செய்வதாக 2015இல் தெரியவந்தது. ஊசியிலையில் சர்க்கரையோடு பிணைந்து கிடக்கும் வேதிப்பொருளை அது கழற்றிவிடும். சர்க்கரை கழன்றதும், புழுவுக்கு அது நஞ்சு.

● 2002இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் அருகே ஆஷ் மரங்கள் காரணம் தெரியாமல் காய்ந்தன. அடிமரத்தில் சின்னச் சின்ன அரைவட்டத் துளைகள். பட்டையை உரித்தால் உள்ளே வளைந்து நெளிந்து ஓடும் சுரங்கங்கள், முழுக்க மரத்தூள். கிழக்காசியாவிலிருந்து வந்த மரகதப் பச்சை வண்டின் புழுக்கள், இலையிலிருந்து வேருக்கு உணவு இறங்கும் பாதையையே தின்றுகொண்டிருந்தன. கோடிக்கணக்கான மரங்கள் பட்டுப்போயின. வண்டின் சொந்த ஊரிலோ மஞ்சூரிய ஆஷ் அதனோடு வாழ்ந்துவருகிறது. எப்படி? லண்டனின் கியூ தாவரவியல் பூங்காவும் குயின் மேரி பல்கலைக்கழகமும் இருபதுக்கும் மேற்பட்ட ஆஷ் இனங்களின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்டுப் பார்த்தன. வண்டைத் தாங்கும் இனங்கள் ஒரே கிளையைச் சேர்ந்தவை அல்ல. மூன்று தனித்தனிக் கிளைகள். ஆனால் 53 மரபணுக்களில், அதே இடத்தில் அதே மாற்றம்! ஒன்றையொன்று பாராத மாணவர்கள் ஒரே விடையை எழுதியதுபோல. 2020இல் வந்த இந்த முடிவை வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. அந்த 53இல் 17, கடிப்பது பூச்சி என்று உணர்வது, எச்சரிக்கை அனுப்புவது போன்ற வேலைகளோடு தொடர்புள்ளவை. வண்டுக்கு எளிதில் இரையாகும் இனங்களில் இம்மரபணுக்கள் பழுதாகிக் கிடப்பது அதிகம்.

● பட்டுப்போன அமெரிக்க ஆஷ் தோப்புகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மரங்கள் தப்பி நிற்கின்றன. அவற்றின் கிளைகளை வெட்டி ஒட்டுக்கட்டி, நாற்றங்காலில் வளர்த்து, வண்டைத் தாங்கும் கன்றுகள் கிடைக்குமா என்று ஆய்வாளர்கள் ஒன்றோடொன்று கலப்புச் செய்து பார்க்கிறார்கள்.