ஒரு பொத்தான், இரண்டு நாக்கு

பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்கள் வீட்ஸ்டோன் சமனச்சுற்றை அவ்வளவு எளிதில் மறந்திருக்க மாட்டார்கள். நான்கு மின்தடை, நடுவில் ஒரு கால்வனோமீட்டர், எப்படியும் ஐந்து மார்க். அந்தச் சுற்றை முதலில் சொன்னவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. அதைப் பரப்பிப் பெயரைத் தட்டிக்கொண்டு போனவர் சார்லஸ் வீட்ஸ்டோன். லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பேராசிரியர், 1837-இல் குக் என்பவரோடு சேர்ந்து மின்தந்திக்குக் காப்புரிமை வாங்கியவர். ஆனால் அவருடைய குடும்பத் தொழில் இசைக்கருவி செய்து விற்பது. கான்சர்டினா என்ற அறுகோணத் துருத்திப் பெட்டி பிறந்தது அங்கேதான். அதன் கரு 1829-இல் அவர் வாங்கிய காப்புரிமையிலேயே இருக்கிறது. 1844-இல் கான்சர்டினாவுக்கென்றே இன்னொன்று வாங்கினார்.

இடையில் 1834-இல், ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரில் கார்ல் ஃபிரெட்ரிக் ஊலிக் என்பவரும் ஒரு பெட்டி செய்தார். பார்வைக்கு இரண்டும் ஒரே சாதி. வாசிக்க உட்கார்ந்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை. முதல் கான்சர்டினா வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான். பிராண்ட், விலை, நிறம் எல்லாம் விசாரிப்பார்கள். எந்த முறைப் பெட்டி என்பதை மட்டும் கேட்க மாட்டார்கள்.

வித்தியாசம் ரீட்டில் இருந்து தொடங்குகிறது. ரீட் என்பது மெல்லிய எஃகு நாக்கு. ஒரு முனை சட்டத்தில் இறுகியிருக்கும். மறுமுனை, தன் அளவுக்கே வெட்டிய துளைக்குச் சற்று மேலே தூக்கி நிற்கும். நாக்கு இருக்கும் பக்கத்திலிருந்து காற்று வந்தால், அது இடுக்கு வழியே விரைந்து நாக்கைத் துளைக்குள் இழுக்கும். வழி அடைபடும், எஃகின் மீள்திறன் நாக்கைத் திருப்பி எழுப்பும், மறுபடி காற்று, மறுபடி இழுப்பு. நொடிக்கு 440 தடவை இப்படி நடந்தால் அதுதான் மேற்கத்திய இசைக்காரர்கள் சுருதி கூட்டும் 'ஏ'. நாக்கின் நீளத்தைப் பாதியாக்கினால் அதிர்வெண் ஏறக்குறைய நான்கு மடங்காகும், அதாவது இரண்டு ஸ்தாயி ஏறும். நுனியில் கொஞ்சம் அரத்தால் தேய்த்தால் சுருதி ஏறும், அடியில் தேய்த்தால் இறங்கும்.

எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று வந்தாலோ நாக்கு விலகி வழிவிட்டுவிடும். சத்தம் வராது.

நம்மூர் ஆர்மோனியத்திலும் இதே நாக்குதான். ஆனால் அதில் காற்று எப்போதும் ஒரே திசையில் போகும். உள்ளே இருக்கும் இரண்டாவது துருத்தி அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும். கான்சர்டினாவில் அந்த வசதி இல்லை. கைகளை விரித்தால் காற்று உள்ளே, சேர்த்தால் வெளியே. ஆகவே ஒவ்வொரு பொத்தானுக்கும் இரண்டு நாக்கு வேண்டும்: விரிக்கும்போது ஒன்று, அழுத்தும்போது இன்னொன்று. பேசாத நாக்கின் வழியே காற்று வீணாகாமல் ஒரு தோல் மடல் அடைத்துக்கொள்ளும். முப்பது பொத்தான் பெட்டியில் 60 நாக்குகள், 48 பொத்தான் பெட்டியில் 96.

அந்த இரண்டு நாக்கும் ஒரே சுரமா, வெவ்வேறு சுரமா? வீட்ஸ்டோன் ஒரே சுரம் என்று முடிவு செய்தார். அதற்கு இங்கிலீஷ் முறை என்று பெயர். ஊலிக் வெவ்வேறு சுரம் வைத்தார். அவருடைய விரலமைப்பை எடுத்து, இங்கிலாந்துப் பட்டறைகளின் நேர்த்தியோடு கட்டியதுதான் ஆங்கிலோ.

ஆங்கிலோவில் சங்கராபரணம் ஆரோகணம் வாசித்துப் பார்க்கலாம். ஸ அழுத்து, ரி இழு, க அழுத்து, ம இழு, ப அழுத்து, த இழு. அடுத்து நி, அதற்கும் இழு! மேல் ஸ-வுக்குத்தான் அழுத்தல். மவுத்தார்கன் ஊதியவர்களுக்கு இந்த வித்தை கைவந்தது. மற்றவர்களுக்கு முதல் வாரம் தலை சுற்றும். ஆனால் திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு சின்ன வெட்டு விழுகிறதே, அதுதான் இதன் அழகு. அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்து நடன இசை இந்த வெட்டின் மேல் ஏறித்தான் துள்ளுகிறது. கில்ரஷ் ஊரின் எலிசபெத் குரோட்டியின் பழைய ஒலிப்பதிவுகளைக் கேட்டால் புரியும். அந்த இசைதான் வேண்டும் என்றால், சி, ஜி அளவைகளில் அமைந்த சி/ஜி ஆங்கிலோ வாங்குங்கள். இரண்டாம் யோசனை வேண்டாம்.

இங்கிலீஷ் முறையில் ஏறும் சுரங்கள் இடக்கை, வலக்கை என்று மாறிமாறி வரும். வேகமும் இழைவும் இதற்குச் சுலபம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜூலியோ ரெகோண்டி இதில் கச்சேரி மேடைக்கான உருப்படிகளையே வாசித்தார். மூன்றாவதாக டூயட் என்று ஒரு வகை உண்டு: இடக்கையில் மந்தர ஸ்தாயி, வலக்கையில் தார ஸ்தாயி. மக்கான், கிரேன், ஹேடன் என்று அதற்குள்ளேயே பல பிரிவுகள், ஒன்றில் பழகிய விரல் இன்னொன்றில் செல்லாது. பியானோ பழக்கம் உள்ளவர்கள் தவிர மற்றவர்கள் அதில் தொடங்க வேண்டாம் என்பேன்.

பொத்தான் எண்ணிக்கைக்கு வருவோம். இருபது பொத்தான் ஆங்கிலோ மலிவு, ஆசை காட்டும். அதில் சி, ஜி என்ற இரண்டு மேஜர் அளவைகளின் சுரங்கள் மட்டுமே, மொத்தம் எட்டுச் சுரஸ்தானம். மாயாமாளவகௌளையை எந்தச் சுருதியில் வைத்தாலும் அந்த எட்டுக்குள் அடங்காது. சரளி வரிசையின் முதல் பாடமே வாசிக்க முடியாத கருவி! முப்பது பொத்தானில் பன்னிரண்டும் கிடைக்கும். ராகம் தேடுகிறவர்களுக்கு இங்கிலீஷ் இன்னும் வசதி, எந்தச் சுரமும் இரு திசையிலும் வரும். கமகத்தை மட்டும் எதிலும் எதிர்பார்க்காதீர்கள். நாக்கு தன் சுருதியை விட்டு வழுக்காது.

அடுத்தது கட்டுமானம். மலிவுப் பெட்டிகளில் அக்கார்டியன் நாக்குகளைத் தகட்டோடு மெழுகில் ஒட்டியிருப்பார்கள். பழைய முறையில் ஒவ்வொரு நாக்குக்கும் தனிப் பித்தளைச் சட்டம். அது மரத்தட்டின் பள்ளத்தில் சறுக்கிப் பொருந்தும், விரலால் கழற்றலாம். 'லாஷனால்' என்ற பழைய இங்கிலாந்துப் பட்டறையின் நூறு வருடத்துப் பெட்டி இன்றும் பழுது பார்த்து ஓடுவதற்கு இதுவே காரணம். தொடங்குகிறவர்களுக்கென்றே வந்த ரோஷெல் (ஆங்கிலோ), ஜாக்கி (இங்கிலீஷ்) போன்றவை அக்கார்டியன் நாக்கு வகைதான், பருமனும் கூடுதல். ஆனாலும் ஒழுங்காக வாசிக்கும். விலை சில நூறு டாலர். அதற்கும் கீழே இணையத்தில் கிடைப்பவை பெரும்பாலும் அலமாரியில் வைத்துப் பார்க்கத்தான் உதவும்: துருத்தி விறைப்பு, அமுங்கிய பொத்தான் எழும்பாது.

கையில் கிடைத்ததும் ஒரு சோதனை. எந்தப் பொத்தானையும் தொடாமல், ஒரு பக்கத்து வாரைப் பிடித்துப் பெட்டியைத் தொங்கவிடுங்கள். மறுபக்கம் தன் எடையிலேயே மெல்ல மெல்ல இறங்க வேண்டும். சடாரென்று விரிந்தால் துருத்தி ஒழுகுகிறது. பிறகு மிக மெதுவாக, கேட்டும் கேட்காத அழுத்தத்தில் ஒவ்வொரு பொத்தானையும் இரு திசையிலும் வாசியுங்கள். நல்ல நாக்கு அந்த அழுத்தத்திலேயே பேசும். கடலோர ஊர்க்காரர்கள் துருவையும் கவனிக்க வேண்டும். ஈரத்தில் மரம் உப்பிச் சட்டத்தை நெருக்கினால் நாக்கு கரகரக்கும்.

பழைய பெட்டியைக் குறைந்த விலைக்குச் சொன்னால், சுருதிமானியை வைத்துப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள். அக்கால இங்கிலாந்தில் 'ஏ' 440 அல்ல, 452 வரை உயரமாக வைத்திருந்தார்கள்; இன்றைய கணக்கில் ஏறக்குறைய கால் சுரம் கூடுதல். தனியாக வாசிப்பவருக்குப் பாதகமில்லை. நண்பரின் கிடாரோடு சேர வேண்டும் என்றால், பெட்டியின் எல்லா நாக்கையும் அடியில் தேய்த்து இறக்க வேண்டியிருக்கும். அந்தக் கூலியையும் சேர்த்துத்தான் விலை.