மரத்தில் பூசிய தீந்தை ஏன் உரிகிறது?

மாணவர்களே, நற்பிட்டிமுனையில் எந்த ஒழுங்கையால் நடந்தாலும் நீங்கள் இதனைக் காணலாம். வீட்டுச் சுவரில் பூசிய பெயின்ட் நன்றாக இருக்கும். அதே கிழமையில் பூசிய வாசற்கதவிலும் யன்னல் நிலையிலும் பெயின்ட் செதில் செதிலாக உரிந்திருக்கும். வீட்டார் “பெயின்ட் கூடாது” என்பார்கள். அல்லது பூசிய பாஸைக் குறை சொல்வார்கள். ஆனால் பெரும்பாலான வேளைகளில் உண்மைக் காரணம் மரத்திலுள்ள நீராகும். பெயின்டைப் பாடநூல்களில் தீந்தை என்பர். அது மரத்தில் நிலைக்காமைக்கான காரணங்களை ஒழுங்காகப் பார்ப்போம்.

1. மரத்தின் இயல்பு

மரம் நுண்ணிய குழாய்களின் கட்டுப் போன்றது. வளியில் ஈரம் கூடினால் மரம் அதனை உறிஞ்சி விரியும். வளி உலர்ந்தால் ஈரத்தை இழந்து சுருங்கும். வெட்டி அறுத்த பின்னரும் இது நிற்பதில்லை. இவ்விரிவு எல்லாத் திசைகளிலும் சமனன்று. நன்கு ஈரமான பலகை முற்றாக உலரும்போது நீளப்பாட்டில் சுமார் 0.1 – 0.2% மட்டுமே சுருங்கும். அகலப்பாட்டில் பல மரங்கள் 5% அளவிலும் அதற்கு மேலும் சுருங்கும்.

உதாரணம்: 200 மி.மீ. அகலமான கதவுப் பலகை ஒன்றின் ஈரம் 1% மாறும்போது அதன் அகலம் 0.25% மாறுகிறது எனக் கொள்வோம். மாரிக்கும் கோடைக்கும் இடையில் ஈரம் 6% மாறினால்,
அகல மாற்றம் = 200 × (0.25 × 6) ÷ 100 = 3 மி.மீ.

இம் மாற்றம் இரு பலகைகள் சேரும் மூட்டில் வந்து குவியும். அதனாலேயே முதல் வெடிப்பு மூட்டில் தோன்றுகிறது. சீமெந்துச் சுவர் இவ்வளவு அசைவதில்லை.

மேலும், பலகையின் குறுக்கு வெட்டுமுகத்தில் குழாய்களின் வாய்கள் திறந்திருக்கும். அதனூடாக நீர் பலகையின் முகத்தைவிட மிக விரைவாக உட்செல்லும். கதவின் அடிவிளிம்பு முதலில் பழுதாவது இதனாலாகும்.

2. தீந்தைப் படலத்தின் இயல்பு

எண்ணெய் சார்ந்த எனாமல் தீந்தை வளியிலுள்ள ஒட்சிசனுடன் தாக்கமுற்று இறுகுகிறது. இத்தாக்கம் அன்றுடன் முடிவதில்லை. ஆண்டுகள் செல்லச் செல்லப் படலம் மேலும் இறுகி நொறுங்கும் தன்மை பெறும். மரம் அசையும், படலம் அசைய மாட்டாது, எனவே வெடிக்கும். வெடிப்பினூடாக மழைநீர் உட்சென்றால், அது வெளியேறும்போது படலத்தைப் பின்னிருந்து தள்ளும். நீரில் கரையும் அக்ரிலிக் தீந்தை கூடிய நெகிழ்ச்சியுடையது. நீராவியையும் ஓரளவு வெளியே விடும்.

சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் மரநார்களைப் பிணைக்கும் இலிக்னினைச் சிதைக்கும். பூசாத பலகை சில கிழமைகள் வெயிலில் கிடந்தாலே மேற்பரப்பு பலவீனமடையும். அதன்மேல் பூசிய தீந்தை அந்த நார்களுடனேயே கழன்றுவிடும்.

3. எமது பிரதேசக் காலநிலை

கல்முனைக் கரையோரத்தில் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையே பெருமளவு மழை கிடைக்கிறது. கிட்டங்கி வீதியில் வெள்ளம் பாயும் மாதங்களும் இவையே. ஆண்டின் நடுப்பகுதியில் கச்சான் காற்று வெப்பமாகவும் உலர்வாகவும் வீசும். ஆகவே மாரியில் ஊறும் மரம் கச்சானில் காய்ந்து சுருங்குகிறது. கடற்காற்றுடன் வரும் உப்பு மரத்தில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும்; இரும்பாணிகளைத் துருப்பிடிக்கச் செய்யும்.

இங்கு நாம் செய்யும் பெரிய பிழை ஒன்றுண்டு. பெருநாளைக்கும் பொங்கலுக்கும் முன்னர் வீட்டுக்குப் பெயின்ட் அடிப்பது எமது வழக்கம். தைப்பொங்கல் எப்போதும் மாரியில் வருகிறது. நோன்புப் பெருநாளோ ஆண்டுதோறும் சுமார் 11 நாட்கள் முன்னே நகர்கிறது. 2002 இல் அது டிசம்பர் முற்பகுதியில் வந்தது. 2030 களின் முற்பகுதியில் மீண்டும் மாரிக்குள் வரும். ஈர மரத்தில் பூசினால் பெருநாளன்று கதவு பளபளக்கும். அடுத்த கச்சானில் உரியும். செலவழித்த பணமும் கூலியும் வீணாகும்.

4. பழுதைப் பார்த்துக் காரணம் அறிதல்

• கொப்புளத்தை வெட்டினால் உள்ளே வெறும் மரம் தெரிகிறது: மரத்தின் ஈரம் காரணம்.
• கொப்புளத்தின் உள்ளே பழைய பூச்சுத் தெரிகிறது: கடும் வெயிலில் பூசியது காரணமாகலாம்.
• புதிய பூச்சு மட்டும் பழைய பூச்சிலிருந்து கழல்கிறது: அழுக்கு, உப்பு, எண்ணெய் என்பவற்றை அகற்றாமை.
• கையால் தடவினால் மா ஒட்டுகிறது: வெயிலால் படலத்தின் மேற்பரப்பு சிதைந்துள்ளது.

5. செய்ய வேண்டிய ஒழுங்கு

(அ) நீர் வரும் வழியை முதலில் நிறுத்துக. ஒழுகும் பீலியைத் திருத்தாமல் பூசிப் பயனில்லை.
(ஆ) கழன்ற பூச்சைச் சுரண்டி, நன்னீரால் உப்பைக் கழுவி, நன்கு உலரவிடுக.
(இ) அரத்தாளால் தேய்த்துத் தூசியை அகற்றுக.
(ஈ) வெட்டுமுகங்களுக்கும் கதவின் அடிவிளிம்புக்கும் சேர்த்து, தாமதமின்றி அடிப்பூச்சு இடுக.
(உ) மேற்பூச்சை இரு தடவை, நிழல் விழும் நேரத்தில் இடுக.

எச்சரிக்கை: தீந்தையில் ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் விதி இலங்கையில் 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்னர் பூசிய பழைய பூச்சில் ஈயம் இருக்கலாம். ஈயத்தூசி சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். எனவே அதனை நனைத்துத் தேய்க்க வேண்டும், எரிக்கக் கூடாது, பிள்ளைகளை அருகில் விடக் கூடாது.

நினைவிற் கொள்க

தீந்தை மரத்தை நீரிலிருந்து காக்கும். ஆனால் உள்ளே அடைபட்ட நீரிலிருந்து காக்க மாட்டாது. ஈரம் 20% இற்குக் குறைவாக உள்ள மரத்தில் உக்கச் செய்யும் பங்கசுகள் வளர்வதில்லை. வெளிப்புற மரத்தைப் பூசும்போது ஈரம் 15% அளவில் இருத்தல் நன்று.

பயிற்சி வினாக்கள்

1. மரத்துண்டு ஒன்றின் திணிவு 575 கிராம். முற்றாக உலர்த்திய பின் 500 கிராம். ஈர வீதம் யாது? அது பூசுவதற்கு ஏற்றதா?
2. கதவின் அடிவிளிம்பில் தீந்தை முதலில் உரிவது ஏன்?
3. மாரியில் பூசிய கதவு கச்சானில் உரிவதை விளக்குக.

விடைக் குறிப்பு

1. (575 − 500) ÷ 500 × 100 = 15%. ஏற்றது. உலர் திணிவாலேயே வகுக்க வேண்டும். 575 ஆல் வகுப்பது பலர் விடும் பிழை.
2. வெட்டுமுகத்தில் குழாய்கள் திறந்துள்ளன. நீர் விரைவாக உறிஞ்சப்படும். அவ்விடம் பூசப்படாமலும் விடப்படும்.
3. “மழை, வெயில்” என்று மட்டும் எழுதினால் போதாது. ஈரம் அடைபடல், ஆவியாகி வெளியேறல், மரம் சுருங்கல், படலம் நெகிழாமை ஆகிய நான்கையும் இவ்வொழுங்கில் எழுதுக.