வைமரனர் வளர்க்கிறீங்களா? வயிற்று உப்புசத்தை லேசா விடாதீங்க!

வெள்ளி கலந்த சாம்பல் நிறம், அம்பர் நிறக் கண்கள். ஜெர்மனியின் வைமர் நகரப் பெயரைத் தாங்கிய வைமரனர், இரையை மோப்பம் பிடித்ததும் அசையாமல் நின்று திசை காட்டும் வேட்டை நாய். ஆண் நாய் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். தினமும் நல்லா ஓடவிடணும். தனியா பூட்டிட்டு ஆபீஸ் போனா சோபா மிஞ்சாது.

அதையெல்லாம் சமாளிச்சிடலாம். பெரிய ஆபத்து வயிற்றில்தான். மார்புக்கூடு ஆழமான இந்த இனத்தில், இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம். ரத்த ஓட்டம் தடைபட்டு, சில மணி நேரத்தில் உயிரே போகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது? வாந்தி எடுக்க முயலும், ஒன்றும் வராது. எச்சில் ஒழுகும், ஓரிடத்தில் நிற்காது, வயிறு புடைத்து இறுகும். 'காலைல பார்த்துக்கலாம்' என்ற பேச்சே கூடாது. உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும். இரவிலும் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் எண் போனில் இருக்கட்டும்.

உணவை ஒரே வேளையாகக் கொட்டாமல் பிரித்துக் கொடுக்கலாம். கருத்தடை ஆபரேஷனின்போதே இரைப்பையை வயிற்றுச் சுவருடன் சேர்த்துத் தைத்துவிடும் முறையும் உண்டு. அதன் பிறகும் உப்புசம் வரலாம். முறுக்கிக்கொள்ளும் வாய்ப்பு மிகக் குறைவு.